மலையடிவாரத்துச் சுள்ளி

மதுரையிலிருந்து திருமங்கலம், கல்லுப்பட்டி, கிருஷ்ணன்கோவில் வழியாகத் தென்மேற்கே செல்லும் நெடுஞ்சாலையில் பயணம் செய்வோருக்கு, திருவில்லிபுத்தூர் நெருங்கும்போது இரண்டு காட்சிகள் ஒருங்கே தோன்றும். ஒன்று, தமிழக அரசின் சின்னத்தால் நாடறிந்த ஆண்டாள் கோவிலின் பதினொரு நிலைக் கோபுரம். மற்றொன்று, வலப்புறத்தில் நீல மதிலென நீண்டு கிடக்கும் மேற்குத் தொடர்ச்சி மலை. சிறுவனாக இருந்தபோது கோடை விடுமுறைதோறும் இவ்வழியே இராஜபாளையத்திலிருந்த அப்பத்தா வீட்டுக்குச் சென்றிருக்கிறேன். அந்நாளில் மூன்றாவது காட்சி ஒன்றும் உண்டு. மாலை வேளையில் மலையடிவாரத்திலிருந்து தலைச்சுமையாக விறகு கொண்டு வரும் பெண்களின் வரிசை அது. குனிந்த கழுத்தும் விரைந்த நடையுமாக அவர்கள் வருவதைப் பேருந்தின் சன்னல் வழியே எண்ணிப் பார்ப்பது எங்களுக்கு விளையாட்டு. அது அவர்களுக்கு விளையாட்டன்று என்பதை அறியும் வயது அப்போது எங்களுக்கு இல்லை.

அண்மையில் நெடுநாளுக்குப் பின் அவ்வழியே செல்ல நேர்ந்தது. அந்தப் பெண்கள் எங்கே சென்றார்கள்? அவர்கள் சுமந்த விறகு என்னவாயிற்று? இவ்வினாக்களோடு இரண்டு நாள் இவ்வூர்களில் தங்கினேன்.

பாலும் நெருப்பும்

திருவில்லிபுத்தூர் என்றதும் பால்கோவா நினைவுக்கு வரும். 2019இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பசும்பாலும் சர்க்கரையுமே அதன் பொருள்கள் என்பர். மூன்றாவது பொருள் ஒன்றும் உண்டு. அது நெருப்பு. பாலில் நூற்றுக்கு ஏறத்தாழ 87 பங்கு நீர். அந்நீரை வற்றச் செய்யும் வரை அடுப்பு அணையலாகாது. கிளறும் கையும் ஓயலாகாது. நான் சென்று பார்த்த ஒரு சிறு கூடத்தில் அகன்ற வாணலியின் கீழ் விறகே எரிந்தது. நின்று கிளறிய பெரியவர், "தீ நிதானமா எரியணும் தம்பி. அவசரப்பட்டா அடி பிடிச்சிரும்" என்றார். நாவில் இனிக்கும் பண்டத்துக்காக அவர் கண்கள் நாள்தோறும் புகையில் சிவக்கின்றன.

அங்கிருந்து மலையடிவாரத்துச் செண்பகத்தோப்புக்குச் சென்றேன். பளியர் எனும் பழங்குடி மக்கள் வாழும் இடம் அது. அருகிலுள்ள காடு, சாம்பல் நிற மலை அணிலைக் காக்கும் பொருட்டு 1988இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2021இல் மேகமலையோடு இணைந்து, திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமாயிற்று. காடு காக்கப்பட வேண்டியதே. மலையில் மரமிருந்தால்தான் ஓடையில் நீரிருக்கும். ஓடையில் நீரிருந்தால்தான் சமவெளியில் வயலும் குடிநீரும் நிலைக்கும். ஆனால், காட்டின் கதவு அடைபட்டபோது, அதை நம்பியிருந்த அடுப்புக்கு மாற்று வழி என்ன என்று கேட்டவர் எத்தனை பேர்?

அதற்கு விடையாக வழியிலேயே ஒரு மூதாட்டியைக் கண்டேன். அவர் தலையில் இருந்தது மலை விறகன்று, சீமைக்கருவேல முள். சுமையை இறக்கி வைக்க உதவிவிட்டு, "வீட்டில் எரிவாயு இல்லையா அம்மா?" என்று வினவினேன்.

"சிலிண்டர் இருக்குங்கய்யா. விருந்தாடி வந்தா காப்பி போட அதைப் பத்த வைப்பேன். சோத்துக்கும் வெந்நீருக்கும் இதுதான். காலியாப்போனா மறுபடி வாங்கக் கையில காசு வேணுமே!"

"முன்பு மலைக்குச் செல்வீர்களா?"

"வயசுக்காலத்துல போவோம். இப்ப விட மாட்டாங்க. யானையும் நடமாடுது. கம்மாக்கரை முள்ளு யாருக்கும் வேண்டாததுதானே, அதை வெட்டிக்கிறேன்."

யாருக்கும் வேண்டாத அந்த முள்ளுக்கும் ஒரு வரலாறு உண்டு. அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்ட சீமைக்கருவேலம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நம் நாட்டுக்கு வந்து, விறகுப் பஞ்சம் தீர்க்கும் மரமாகப் பரப்பப்பட்டது. பஞ்சத்தை ஓரளவு தீர்த்தது. கூடவே கண்மாய்களையும் தரிசு நிலங்களையும் விழுங்கியது. 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதனை அகற்ற ஆணையிட்டு, பின்னர் அது குறித்து வழக்கும் வாதமும் தொடர்ந்ததை நாம் அறிவோம். விருதுநகர், சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களில் இம்மரத்தை அடுக்கி, மண்ணால் மூடி, நாள் கணக்கில் புகையவிட்டு எடுக்கும் கரிமூட்டத்தை நம்பிப் பல குடும்பங்கள் பிழைக்கின்றன. சாபமும் சோறும் ஒரே மரத்தில் காய்க்கும் விந்தை இது!

கணக்கும் உண்மையும்

நாடுகளின் எரிசக்திக் கணக்கில் 'உயிரி எரிபொருளும் கழிவும்' என்றொரு தலைப்பு உண்டு. விறகு, சுள்ளி, வறட்டி, கரும்புச் சக்கை, உமி, சாண எரிவாயு, பெட்ரோலில் கலக்கும் எத்தனால் ஆகிய யாவும் அதில் அடங்கும். 1971இல் இந்தியா பயன்படுத்திய மொத்த எரிசக்தியில் பாதிக்கும் மேற்பட்டது இத்தலைப்பில் அடங்கியது. 1990இல் அது ஐந்தில் இரண்டு பங்காயிற்று. அண்மை ஆண்டுகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கியுள்ளது. இதைக் கேட்போர், "நாடு விறகை விட்டு வந்துவிட்டது" என மகிழக்கூடும்.

ஆனால் பங்கு வேறு, அளவு வேறு. நிலக்கரியும் எண்ணெயும் பன்மடங்கு பெருகியதால்தான் இதன் பங்கு குறைந்தது. எரிக்கப்படும் மொத்த அளவு 1990இல் இருந்ததைவிடக் குறையவில்லை, கூடியே இருக்கிறது. அதில் ஒரு பகுதி ஆலைகளுக்கும் எத்தனாலுக்கும் உரியது. பெட்ரோலில் நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால் கலக்கும் இலக்கை 2025இல் நாடு எட்டியது. எனினும் பெரும்பகுதி இன்றும் வீட்டு அடுப்பில்தான் எரிகின்றது. சாறு வாகனத்தை ஓட்டுகிறது. சுள்ளி உலையைக் கொதிக்க வைக்கிறது. இரண்டும் கணக்கேட்டில் ஒரே வரியில் நிற்கின்றன.

மாற்று முயற்சிகள் இல்லாமற் போகவில்லை. 1981இல் சாண எரிவாயுவுக்கும், 1983இல் புகையில்லா அடுப்புக்கும் தேசியத் திட்டங்கள் வகுக்கப்பட்டன. புகைபோக்கி உடைந்தால் சீர்செய்வாரின்றிப் பல அடுப்புகள் மூலையில் ஒதுங்கின. நமது மாநிலத்தில் 2006க்குப் பின் இலவச எரிவாயு அடுப்புகள் வழங்கப்பட்டன. 2016 மே முதல் நாள் தொடங்கிய உஜ்வலா திட்டம், 2019 செப்டம்பருக்குள் எட்டுக் கோடி இணைப்புகளைத் தந்தது. நாட்டில் விறகை முதன்மை எரிபொருளாகக் கொண்ட வீடுகள் 2011இல் நூற்றுக்கு 49 இருந்தன. 2019–21 ஆய்வில் தமிழகத்தில் ஐந்தில் நான்கு வீடுகளுக்கு மேல் தூய எரிபொருள் காணப்பட்டது. இது நன்றியோடு நினைக்கத்தக்க மாற்றம். ஆயினும் உஜ்வலா குடும்பங்கள் ஆண்டுக்குச் சராசரியாக மூன்று முறைக்குச் சற்றே மேல்தான் சிலிண்டர் நிரப்பிக்கொண்டன என்று 2019இல் தணிக்கை அறிக்கை எடுத்துக்காட்டியது. முள் சுமந்த மூதாட்டி சொன்னதும் அதையே.

அப்பத்தாவின் அடுப்பங்கரை

மறுநாள் இராஜபாளையம் சென்றேன். நூற்பாலைகளின் சங்கொலியோடு விழித்தெழுந்த ஊர் அது. அப்பத்தாவின் வீடு இடிக்கப்பட்டு மாடி வீடாகியிருந்தது. கரி படிந்த அந்த அடுப்பங்கரை மட்டும் என் மனத்தில் நின்றது. சாளரமில்லாத மூலையில் குனிந்து, ஊதுகுழலால் ஊதி ஊதி எங்களுக்குச் சோறு பொங்கிய அவரை, ஓயாத இருமலும் மங்கிய கண்களும் உடையவராகவே நான் அறிவேன். "முதுமை" என்றோம். "புகை" என்று எவரும் சொல்லவில்லை. வீட்டுப் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் உயிரிழந்ததாக உலக நலவாழ்வு நிறுவனம் கணித்துள்ளது. மூச்சுக் குழாய் நோயும், இதய நோயும், கண்புரையும் இப்புகையோடு தொடர்புடையவை. திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சீ' சுற்றுமடலிலும், சமையல் புகையால் நோயுறும் மக்களை மறவாமல் குறிப்பிட்டுள்ளார்.

அன்பார்ந்த வாசகர்களே, விறகை இழிவாகப் பேசுவது என் நோக்கமன்று. தலைமுறை தலைமுறையாக நமக்குச் சோறு பொங்கியது அதுவே. அந்தச் சோற்றின் விலையை யார் கொடுத்தார் என்பதே என் கேள்வி. நம் பங்கிலும் அடுப்படியில் சிலிண்டர் நின்றும், கொல்லையில் புகை எழும் இல்லங்கள் உண்டு. இணைப்பு இருக்கிறதா என்று கேட்பதோடு நில்லாமல், "போன மாதம் நிரப்பினீர்களா?" என்று கேட்போம். அன்பியக் கூட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஒரு சிலிண்டர் நிரப்பித் தருவது பெருஞ்செலவன்று. வின்சென்ட் தே பவுல் சபையார் இல்லம் சந்திக்கும்போது அடுப்பங்கரையையும் ஒரு கண் பார்க்கலாம். விறகே எரிக்க வேண்டிய நிலையெனில், சுவரில் ஒரு சாளரம் திறக்கவும், கூரையில் புகைபோக்கி வைக்கவும், குழந்தைகளை அடுப்பருகே அமர்த்தாதிருக்கவும் துணை செய்யலாம்.

மாலையில் திரும்புகையில் பேருந்தின் சன்னல் வழியே பார்த்தேன். பெண்களின் வரிசை இல்லை. தொலைவில் கண்மாய்க்கரையில் ஒரே ஒரு சுமை மட்டும் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. இம்முறை அதை எண்ணி விளையாட மனம் வரவில்லை.