கண்டி வீதியோரக் கடைகள்

கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் ஏ-9 வீதி கிளிநொச்சி நகரின் நடுவால் போகிறது. 2009இல் போர் முடிந்து ஊர் திரும்பியோர் பலர், இதன் ஓரத்தில் தகரக் கொட்டில் போட்டுத்தான் பிழைப்பைத் தொடங்கினார்கள். பின்னர் வீதி அகலமாகியது. பயணம் இலகுவாகிவிட்டது. ஆனால் வீதிக்கரையை விட்டு உள்ளே தள்ளிப்போன தேநீர்க்கடையைத் தேடி எவரும் பஸ்ஸை விட்டு இறங்குவதில்லை. இடம் போனால் வாடிக்கையும் போய்விடும்.

காணி உறுதி இல்லாத பெண்கள் நட்டஈடு கேட்கவே தயங்குவார்கள். அபிவிருத்திக்காக இடம் இழப்போரை மீளக் குடியமர்த்துவது பற்றிய 2001ஆம் ஆண்டுத் தேசியக் கொள்கையோ, உறுதி இல்லாதவர்களையும் நியாயமாக நடத்த வேண்டும் என்கிறது.

சகோதரிகளே, வியாபார அனுமதிப்பத்திரம், வரிப் பற்றுச்சீட்டு, மின்கட்டணச் சிட்டை, கடையின் படம் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். அந்த இடத்தில் உங்கள் கடை நடந்தது என்பதற்கு அவையே சாட்சி.