கடிக்க முடியாத சிலந்தி... பதறும் வெட்டுக்கிளி!

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், வடகிழக்குப் பகுதிக்கு ‘அமைதி மூலை’ என்றொரு செல்லப் பெயர் உண்டு. பெரிய நகரங்கள் இல்லை. சின்னச் சின்ன ஊர்கள், சுற்றிலும் ஓக், மேப்பிள், பைன் மரங்கள். நியூ ஹேவன் நகரிலிருந்து காரில் கிளம்பினால் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் இங்குள்ள யேல்-மையர்ஸ் காட்டை அடைந்துவிடலாம். 7,840 ஏக்கர் பரப்புள்ள இந்தக் காடு, யேல் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமானது. நிப்மக் நடைபாதை இதன் வழியாகத்தான் போகிறது.

நடந்து போகிறவர்களை முதலில் ஆச்சர்யப்படுத்துவது கல் சுவர்கள்தான். யாரும் குடியிருக்காத காட்டுக்குள் இடுப்பளவு சுவர் எதற்கு? ஒரு காலத்தில் இதெல்லாம் விவசாய நிலம். உழும்போது கிடைத்த கற்களை அடுக்கி வரப்பாக்கினார்கள். பிழைப்புத் தேடி விவசாயிகள் வெளியேற, காடு திரும்ப வந்துவிட்டது. நடுநடுவே சில புல்வெளிகள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன.

இந்தப் பக்கம் நடப்பவர்கள் பேன்ட் நுனியை சாக்ஸுக்குள் திணித்துக்கொள்வது வழக்கம். காரணம், உண்ணி. அது பரப்பும் லைம் நோய்க்குப் பெயர் கொடுத்த ஊரே இதே மாநிலத்தில்தான் இருக்கிறது. உண்ணி கடிக்கிறதோ இல்லையோ, கடித்துவிடுமோ என்ற பயம் மனிதரின் உடையையும் நடையையும் மாற்றிவிடுகிறது. புல்வெளியில் வாழும் வெட்டுக்கிளிக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான்!

வாய் ஒட்டப்பட்ட சிலந்தி

இங்கே நிறையக் காணப்படுவது சிவப்புக் கால் வெட்டுக்கிளி. அதன் எதிரிகளில் ஒன்று, வலை பின்னி இரை பிடிக்காத ஒரு வகைச் சிலந்தி. செடியின் மேற்பகுதியில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். இரை பக்கத்தில் வந்தால் ஒரே பாய்ச்சல்.

யேல் பேராசிரியர் ஆஸ்வால்ட் ஷ்மிட்ஸுக்கு ஒரு சந்தேகம். சிலந்தி வெட்டுக்கிளியைத் தின்பதால் புல்வெளி மாறுகிறதா, அல்லது அது அங்கே இருப்பதே போதுமா? இதைக் கண்டுபிடிக்க அவரும் சகாக்களும் ஒரு வேலை செய்தார்கள். சில சிலந்திகளின் கடிக்கும் உறுப்பைப் பசை போட்டு ஒட்டிவிட்டு, புல்வெளியில் அமைத்த வலைக் கூண்டுகளுக்குள் வெட்டுக்கிளிகளோடு விட்டார்கள். அந்தச் சிலந்தி துரத்தலாம், பயமுறுத்தலாம். ஆனால், கொல்ல முடியாது.

1997-ல் வெளியான முடிவு பலரையும் நிமிர்ந்து உட்காரவைத்தது. கடிக்கும் சிலந்தி இருந்த கூண்டிலும், கடிக்க முடியாத சிலந்தி இருந்த கூண்டிலும் செடிகளுக்கு ஏற்பட்ட பாதிப்பு ஏறத்தாழ ஒன்றுதான்!

பயந்தால் சாப்பாடு மாறும்

பயமில்லாத வெட்டுக்கிளிக்குப் பிடித்தது புல். அதில் புரதம் அதிகம். வளர்ச்சிக்கு அது தேவை. சிலந்தியின் நடமாட்டம் தெரிந்ததும் அது கோல்டன்ராட் என்ற மஞ்சள் பூச்செடிக்குத் தாவிவிடுகிறது. ஒளிந்துகொள்ள இலைகள் அடர்த்தியாக இருக்கும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, உடம்பின் அவசரம். பதற்றத்தில் உடல் வேகமாகச் சக்தியைச் செலவழிக்கிறது. அதை ஈடுகட்ட மாவுச்சத்தும் சர்க்கரையும் உடனே வேண்டும்.

கோல்டன்ராட் சாதாரணச் செடி அல்ல. விட்டால் மற்ற செடிகளை அமுக்கிவிட்டுத் தானே படர்ந்துவிடும். பயந்த வெட்டுக்கிளிகள் அதைக் கடித்துக் குறைப்பதால், நோஞ்சானாகக் கிடந்த மற்ற செடிகளுக்கும் வெயில் கிடைக்கிறது. செடி வகைகள் பெருகுகின்றன.

எல்லாச் சிலந்திக்கும் இந்த மரியாதை கிடையாது. அதே புல்வெளியில், ஓரிடத்தில் நில்லாமல் அலைந்து வேட்டையாடும் தாவும் சிலந்தியும் உண்டு. அது எங்கிருந்து வரும் என்று கணிக்க முடியாததால், வெட்டுக்கிளி சாப்பாட்டை மாற்றிக்கொள்வதில்லை. புல்லையே தின்கிறது. கோல்டன்ராட் மறுபடி தழைக்கிறது.

செத்த பிறகும் தொடரும் பயம்

கதை இதோடு முடியவில்லை. ட்ரோர் ஹவ்லேனா, ஷ்மிட்ஸ் உள்ளிட்டோர் 2012-ல் வெளியிட்ட ஆய்வு மண்ணுக்குள் எட்டிப் பார்த்தது. பயத்திலேயே வாழ்ந்த வெட்டுக்கிளியின் உடம்பில் நைட்ரஜனோடு ஒப்பிட்டால் கார்பனின் அளவு சுமார் 4 சதவீதம் கூடியிருந்தது. பதற்றத்தில் புரதம் கரைந்து, நைட்ரஜன் கழிவாக வெளியேறிவிடுகிறது.

பயந்து வாழ்ந்த வெட்டுக்கிளிகளையும் நிம்மதியாக வாழ்ந்தவற்றையும் தனித்தனி இடங்களில் மண்ணில் மட்க விட்டார்கள். இரண்டும் ஒரே மாதிரிதான் மட்கின. அடுத்து, அதே மண்ணில் காய்ந்த புல்லைப் போட்டபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. பயந்த வெட்டுக்கிளிகள் கிடந்த மண்ணில் புல் மிகவும் மெதுவாகவே மட்கியது. சருகைச் சிதைக்கும் நுண்ணுயிரிகளுக்கு நைட்ரஜன் வேண்டும். 4 சதவீத வித்தியாசமே அவற்றின் வேலையை மந்தமாக்கப் போதுமாக இருந்தது.

ஒரு சிலந்தி எத்தனை பூச்சியைத் தின்றது என்று மட்டும் கணக்குப் பார்த்தால் பாதிக் கணக்குத்தான் கிடைக்கும். அது தின்னாமல் விட்ட பூச்சிகளும் நிலத்தை மாற்றுகின்றன. மருந்தடித்தோ, நிலத்தைத் திருத்தியோ சிலந்திகளை ஒழித்தால், பயமும் சேர்ந்தே போய்விடும். செடியும் மண்ணும் அதற்கேற்ப மாறும்.

இந்தப் புல்வெளிகளைப் பார்க்க ஆகஸ்ட் கடைசியும் செப்டம்பரும் நல்ல நேரம். கோல்டன்ராட் பூத்து மஞ்சளாக நிற்கும். வெட்டுக்கிளிகளும் முழு வளர்ச்சி அடைந்திருக்கும். கடும் உறைபனி வந்துவிட்டால் அவை இறந்துபோகும். மண்ணுக்குள் முட்டைகள் மட்டுமே மிஞ்சும். பார்க்கப் போகிறவர்கள் பாதையை விட்டு விலகாமல், சற்று நேரம் அசையாமல் நிற்பது நல்லது. மனிதரின் காலடி கேட்டாலும் வெட்டுக்கிளிக்குப் பயம்தான்!