ஒளியைக் காக்கும் தடை

தியானப் பகுதி: யாக்கோபு 1:19–26



நம்முடைய ஞாயிறு பள்ளி அறையின் சன்னலோரத்தில் ஒரு சிறிய கலங்கரை விளக்கம் நிற்பதை உங்களில் பலர் கண்டிருப்பீர்கள். சிவப்பும் வெள்ளையுமான லெகோ கட்டைகளால் கட்டப்பட்டது அது. அதன் உச்சியிலுள்ள விளக்கு ஏறக்குறைய நொடிக்கு ஒருமுறை மின்னும். ஆனால் ஆண்டு விழா மாலையில் அது மின்னவில்லை. அதன் காரணத்தை அன்று வந்திருந்தவர்கள் அறிவார்கள். வராதவர்களுக்காகவும், அதற்கு மேலாக என் மனச்சாட்சிக்காகவும், இவ்வாரம் அதை எழுதுகிறேன்.

அந்தக் கட்டைகள், வெளிநாட்டிலிருக்கும் என் மைத்துனர் தம் மருமகனுக்கு ஆண்டுதோறும் கொண்டுவந்து கொடுத்தவை. டென்மார்க்கின் பில்லுண்ட் என்னும் ஊரில் பிறந்த இந்த விளையாட்டுப் பொருளின் இன்றைய வடிவம் 1958-இல் காப்புரிமைக்குப் பதிவானது. அன்று செய்த கட்டை இன்று செய்த கட்டையோடு பொருந்தும் அளவுக்கு நுட்பமான அளவுகளில் அது வார்க்கப்படுகிறது. அந்த நுட்பமே, உள்ளே விளக்கு வைக்க விரும்புகிறவனுக்குச் சோதனையாகிறது. இரு கட்டைகளுக்கு நடுவே சாதாரண ஒயரை வைத்தால் மேற்கட்டை சரியாக அமராது. ஆகவே என் மகன் எனாமல் பூசிய, தலைமுடி போன்ற மெல்லிய செம்புக் கம்பியைத் தேர்ந்துகொண்டான். மூன்று மில்லிமீட்டர் எல்.இ.டி. விளக்கு ஒன்றை, நடுவில் துளையுள்ள குமிழுக்குள் செருகினான். சூடு பட்டால் பிளாஸ்டிக் உருகிவிடும் என்பதால், கம்பிகளையெல்லாம் வெளியே வைத்துச் சால்டர் செய்த பிறகே கோபுரத்துக்குள் இறக்கினான். விளக்கை மின்னச் செய்வதற்கு, 555 என்ற எண்ணால் அழைக்கப்படும் எட்டுக் கால்களுள்ள ஐ.சி. ஒன்றை ரிச்சி தெருவில் வாங்கி வந்திருந்தான். ஒரு மாத மாலைகள் அதற்குச் செலவாயின. நானோ, பாடப் புத்தகத்தைத் திறக்காமல் பொம்மையோடு இருக்கிறானே என்று முகம் சுளித்ததைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை.

விழாவுக்கு முந்தின சனிக்கிழமை இரவு, பிள்ளைகள் ஒத்திகைக்காகக் கூடியிருந்தார்கள். விளக்கு எரியவில்லை. "அப்பா, ஒரு கம்பியின் முனையில் எனாமலைச் சரியாகச் சுரண்டவில்லை போலிருக்கிறது. பத்து நிமிடம் கொடுங்கள்" என்றான் மகன். எனக்கு அன்று நூறு வேலைகள். பத்து நிமிடம் பொறுக்க மனமில்லை. விளக்கைக் கோபுரத்திலிருந்து பிடுங்கி, "பல்பு நல்லதா என்று முதலில் பார்க்க வேண்டாமா?" என்று சொல்லிக்கொண்டே, அதன் இரு கால்களையும் 9 வோல்ட் பேட்டரியின் முனைகளில் நேராக வைத்தேன். ஒரு கணம் மிகுந்த பிரகாசத்தோடு ஒளிர்ந்தது. அடுத்த கணம் அணைந்தது. மெல்லிய கருகல் வாடை மட்டும் மிஞ்சியது.

அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "மலிவான சாமானை வாங்கி வந்தால் இப்படித்தான் ஆகும். ஒரு காரியத்தையும் உருப்படியாகச் செய்யமாட்டாய்" என்று பிள்ளைகள் எல்லாரும் கேட்கும்படி சொன்னேன். அவன் பதில் பேசவில்லை. மறுநாள் ஞாயிறு, கடைகள் திறவா. அந்தக் குமிழுக்குள் நுழையக்கூடிய விளக்கு வேறொன்றும் வீட்டில் இல்லை.

ஞாயிறு மாலை கலங்கரை விளக்கம் இருண்டபடியே மேசைமேல் நின்றது. ஒரு சிறு பிள்ளை என் மகனிடம், "அண்ணா, லைட் ஏன் எரியவில்லை?" என்று கேட்டாள். நான் இரண்டடி தூரத்தில் நின்றிருந்தேன். "அப்பா எரித்துவிட்டார்" என்று அவன் சொல்லியிருந்தால் அது உண்மையாக இருந்திருக்கும். "அடுத்த வாரம் எரியும், பாப்பா" என்று மட்டும் சொன்னான். பதினான்கு வயதுப் பிள்ளை தன் நாவை அடக்கினான். முப்பது ஆண்டுகளாக நாவடக்கத்தைக் குறித்துப் பிரசங்கிக்கிற நான் அடக்கவில்லை. நிறைவு ஜெபத்துக்கு முன்பு எழுந்து, முந்தின நாள் கேட்ட அதே பிள்ளைகளின் முன்பாக, நடந்ததைச் சொல்லி மகனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் தலை நிமிரவில்லை.

அன்றிரவு அவனே என் அறைக்கு வந்தான். கையில் வண்ண வளையங்களுள்ள ஒரு சிறு பொருள் இருந்தது. "அப்பா, இது ரெசிஸ்டர். இது இல்லாமல் வைத்ததால்தான் விளக்கு கருகியது" என்று ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினான். வெள்ளை விளக்குக்குச் சுமார் 3 வோல்ட் போதும். பேட்டரி கொடுப்பதோ 9. மிஞ்சிய 6 வோல்ட்டைத் தாங்க 470 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வழியில் வைத்தால், 13 மில்லிஆம்பியர் அளவே மின்சாரம் ஓடும். இத்தகைய விளக்குகள் பெரும்பாலும் 20 வரையே தாங்கும். தடையின்றி விட்டால், அது தாங்கக்கூடியதைவிடப் பலமடங்கு பாய்ந்து உள்ளே எரித்துவிடும்.

அன்பானவர்களே, மின்தடை என்றால் நமக்கு மின்சாரம் நின்றுபோவது. தடை என்ற சொல்லைக் கேட்டாலே இருள்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் அந்தச் சிறு சுற்றில் தடைதான் ஒளியைக் காக்கிறது. விளக்கு மின்னுகிற தாளமும் தடையால் வருவதே. மின்தேக்கி என்னும் சிறு பாத்திரம் ரெசிஸ்டர் வழியாக மெதுவாக நிரம்பி, மெதுவாக வடிவதால்தான் வெளிச்சம் சீராக வந்துபோகிறது.

ஆவியின் கனிகளை அடுக்கிக்கொண்டு வரும் பவுல், இச்சையடக்கத்தைக் கடைசியில் வைக்கிறார் (கலாத்தியர் 5:22, 23). அன்பும் சந்தோஷமும் சமாதானமும் நம்மில் நீடிக்கும்படி அது வாசலில் காவல் நிற்கிறது என்று நான் எண்ணுகிறேன். சமுத்திரத்துக்கும் கர்த்தர் எல்லை குறித்து, தாழ்ப்பாள் போட்டதாக யோபு 38-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். கடலுக்கே எல்லை வேண்டுமானால், நம் கோபத்துக்கு வேண்டாமா? அன்று எனக்குத் தேவைப்பட்ட தடை பத்தே நிமிடங்கள். யாக்கோபு சொல்லுகிறபடி, முதலில் செவிகொடுத்து, பிறகு வாய் திறந்திருந்தால் போதும். அவன் சொன்னபடியே, சுரண்டப்படாத ஒரு கம்பி முனைதான் பழுது.

ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தடை அளவுக்கு மிஞ்சினால் விளக்கு கருகாது, ஆனால் வெளிச்சமும் தராது. பிள்ளைகளின் ஒவ்வொரு ஆசைக்கும் "வேண்டாம்" என்கிற பெற்றோரும், பேசவேண்டிய நேரத்தில் பயத்தினால் மௌனமாயிருக்கிற விசுவாசியும் அப்படிப்பட்டவர்களே. இச்சையடக்கம் ஒளியை அணைப்பதற்கு அல்ல, ஒளி நிலைத்திருப்பதற்குக் கொடுக்கப்பட்டது.

இவ்வாரம் உங்கள் வீட்டில் யாராவது, "பத்து நிமிடம் கொடுங்கள்" என்று கேட்கலாம். கொடுங்கள். ஏற்கெனவே எரித்துவிட்டீர்களானால், யார் முன்பாகக் கடிந்தீர்களோ அவர்கள் முன்பாகவே மன்னிப்புக் கேளுங்கள். அறைக்குள் இரகசியமாகக் கேட்கிற மன்னிப்பு, வெளியரங்கமாய்ப் பட்ட அவமானத்தை முழுதும் ஆற்றாது. விளக்கின் விலை சில ரூபாய். அடுத்த வாரமே வாங்கிவிட்டோம். அதைச் சால்டர் செய்கையில், வெளிச்சம் காட்ட டார்ச்சைப் பிடித்துக்கொள்ளும் வேலையை மகன் எனக்குக் கொடுத்தான். கை அசையாமல் பிடித்திருந்தேன். ஆனால் நான் சொன்ன வார்த்தையை அவன் எப்போது மறப்பான் என்பது என் கையில் இல்லை.

ஜெபம்: அன்பின் பரம பிதாவே, நீர் தந்த பெலன் எங்களையும் எங்கள் பிள்ளைகளையும் எரித்துவிடாதபடி, எங்கள் வாய்க்குக் காவல் வையும். நாங்கள் கருக்கியவற்றை நீரே சீர்ப்படுத்தும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.