குவாங்ஜு சந்தை அம்மாக்களுக்கு

1980 மே மாதத்தில் யாங்டோங் சந்தையிலும் டேஇன் சந்தையிலும் கடை வைத்திருந்த அம்மாக்களுக்கு,



உங்களில் பெரும்பாலோரின் பெயர் எந்த வரலாற்று நூலிலும் இல்லை. தென் கொரியாவின் தென்மேற்கில், நெல் விளையும் ஜொல்லா மண்ணில் இருக்கிற குவாங்ஜு நகரத்தில், காய்கறியும் மீனும் விற்றுக் குடும்பம் நடத்தியவர்கள் நீங்கள். அந்த மே மாதம் ஊரே இராணுவத்தை எதிர்த்து எழுந்தபோது, தெருவில் அடுப்பு மூட்டி, அண்டா அண்டாவாகச் சோறு பொங்கினீர்கள். உப்புப் போட்டு, கைப்பிடி அளவு உருண்டையாகப் பிடித்து, லாரியிலும் பேருந்திலும் போன பிள்ளைகளின் கைகளில் கொடுத்தீர்கள். உங்கள் ஊரில் அதை ஜுமொக்பாப் என்கிறார்கள். அந்தச் சோற்றுக்கு நன்றி சொல்லத்தான் இந்த மடல்.

இதைப் படிக்கும் தமிழ் வாசகர்களுக்காக நடந்ததைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்வதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பதினெட்டு ஆண்டுகள் நாட்டைப் பிடியில் வைத்திருந்த பார்க் சுங்-ஹீயை 1979 அக்டோபர் 26 அன்று அவருடைய உளவுத்துறைத் தலைவரே சுட்டுக் கொன்றார். இனிமேலாவது மக்களாட்சி வரும் என்று நாடு காத்திருந்தது. டிசம்பர் 12 அன்று தளபதி சுன் டூ-ஹுவான் இராணுவத்துக்குள்ளேயே ஒரு கவிழ்ப்பை நடத்தினார். 1980 மே 17 இரவு இராணுவச் சட்டம் நாடு முழுவதற்கும் நீட்டிக்கப்பட்டது. பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டன. உங்கள் பகுதியின் தலைவர் கிம் டே-ஜுங் கைது செய்யப்பட்டார். மறுநாள் காலை சொன்னாம் பல்கலைக்கழக வாசலில் மாணவர்கள் கூடினார்கள். வான்குடைப் படையினர் அவர்களைத் தடியால் அடித்தார்கள். பிறகு நகரத்துக்குள் இறங்கி, கண்ணில் பட்டவர்களையெல்லாம் அடித்தார்கள். முதலில் இறந்தவர் கிம் கியோங்-சோல் என்ற இளைஞர். அவருக்குக் காது கேட்காது, பேச வராது. போராட்டத்துக்கு வந்தவரும் இல்லை. சிப்பாய்கள் கேட்டதற்கு அவரால் பதில் சொல்ல முடியவில்லை, அடித்தே கொன்றார்கள்.

அதன் பிறகு அது மாணவர் போராட்டமாக மட்டும் இருக்கவில்லை. மே 20 மாலை ஏறத்தாழ இருநூறு டாக்சிகளும் பேருந்துகளும் லாரிகளும் முகப்பு விளக்குகளை எரியவிட்டபடி கும்னாம்-ரோ வீதியில் படையை நோக்கி வந்தன. காயம்பட்டவர்களை மருத்துவமனைக்கு ஏற்றிச் சென்றதற்காக அடிபட்ட ஓட்டுநர்கள் அவர்கள். ஜியோன் ஓக்-ஜு என்ற பெண் ஒலிபெருக்கியோடு தெருத் தெருவாகச் சென்று ஊரை அழைத்தார். பின்னால் அவரை வடகொரிய உளவாளி என்று முத்திரை குத்திச் சித்திரவதை செய்தார்கள். மே 21 நண்பகலுக்குப் பிறகு மாகாண அலுவலகத்தின் முன்னால் திரண்டிருந்த கூட்டத்தை நோக்கிப் படை சுட்டது. மக்கள் பக்கத்து ஊர்க் காவல் நிலையங்களின் ஆயுதக் கிடங்குகளைத் திறந்தார்கள். அன்று மாலை இராணுவம் நகரத்தை விட்டு வெளியேறி, சுற்றி வளைத்துக்கொண்டது.

நகரம் அப்பழுக்கில்லாமல் இருந்தது என்று சொல்ல நான் வரவில்லை. உண்மையை வெளியிடாத தொலைக்காட்சி நிலையம் எரிந்தது. வரி அலுவலகம் எரிந்தது. காவலர்களும் சிப்பாய்களும் இறந்தார்கள். ஆனால் அடுத்து வந்த நாட்கள்தான் என்னைத் திரும்பத் திரும்ப உங்களிடம் இழுத்து வருகின்றன.

ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்ந்த ஊர். காவல்துறை இல்லை, அரசு இல்லை, வெளியூருக்குத் தொலைபேசி இல்லை, சாலைகள் அடைபட்டுவிட்டன. தெருவில் துப்பாக்கிகள் கிடக்கின்றன. இப்படிப்பட்ட ஊரில் என்னவெல்லாம் நடக்கும் என்று ஆட்சியாளர்கள் எப்போதும் நம்மைப் பயமுறுத்துவார்களோ, அது எதுவும் குவாங்ஜுவில் நடக்கவில்லை. வங்கிகள் கொள்ளை போகவில்லை. மக்கள் தெருக்களைக் கூட்டினார்கள். மாகாண அலுவலகத்துக்கு எதிரே இருந்த நீரூற்றைச் சுற்றித் தினமும் கூடிப் பேசினார்கள். ஏறிப் பேச விரும்பிய எவருக்கும் இடம் கிடைத்தது. ஆயுதங்களைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றவர்களும் கூடாது என்றவர்களும் அங்கேயே வாதிட்டார்கள். உடற்பயிற்சிக் கூடத்தில் வரிசையாகக் கிடத்தியிருந்த உடல்களைப் பெண்கள் கழுவித் துடைத்தார்கள். சவப்பெட்டிகள் போதவில்லை.

மருத்துவமனைகளில் இரத்தம் தீர்ந்தபோது வாசலில் வரிசை நின்றது. அந்த வரிசையில் பாலியல் தொழில் செய்த பெண்களும் வந்து நின்றார்கள். எங்கள் இரத்தத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டார்கள். பார்க் கும்-ஹீ என்ற பள்ளி மாணவி இரத்தம் கொடுத்துவிட்டு வெளியே போனாள். கொஞ்ச நேரத்தில் குண்டடி பட்ட உடலாக அதே மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டாள். இதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மேலே படிக்க முடிவதில்லை.

மக்கள் எழுச்சிகளைப் பற்றி நிறையப் புத்தகங்கள் உண்டு. 1789 அக்டோபரில் ரொட்டி கேட்டு வெர்சாய் அரண்மனைக்கு நடந்தவர்கள் பாரிஸ் சந்தைப் பெண்கள். 1917இல் பெத்ரோகிராதில் ஜார் மன்னனின் ஆட்சியை அசைத்த முதல் ஊர்வலத்திலும் ரொட்டிக்கு அலைந்த பெண்களே முன்னால் போனார்கள். பசித்த பெண் தெருவுக்கு வந்தால் அரியணை ஆடும் என்பதை வரலாற்றாசிரியர்கள் நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். அடுப்பைத் தெருவுக்குக் கொண்டுவந்து ஊரின் பசியாற்றிய பெண்களைப் பற்றி அவ்வளவு எழுதவில்லை. சோறு இல்லாமல் எந்த எழுச்சியும் மூன்றாம் நாளைத் தாண்டாது. அந்த உருண்டை சும்மா கிடைத்ததால்தான் யாரும் கடையை உடைக்க வேண்டியிருக்கவில்லை என்று நான் நினைக்கிறேன். வெளியிலிருந்து எதுவும் வராத ஊரில், கையிருப்பு அரிசி கரைவதைப் பார்த்துக்கொண்டே நீங்கள் பொங்கியிருக்கிறீர்கள். அந்த நாட்களின் ஒழுங்கு எந்தத் தலைவரின் பேச்சிலிருந்தும் வரவில்லை, உங்கள் அண்டாவிலிருந்து வந்தது.

மே 26 அன்று டாங்கிகள் நகரத்தை நோக்கி வந்தபோது ஊர்ப் பெரியவர்கள் வெறுங்கையோடு நடந்துபோய் எதிரே நின்றார்கள். அன்றிரவு மாகாண அலுவலகத்தில் இருந்த பள்ளிப் பிள்ளைகளையும் பெண்களையும் வீட்டுக்குப் போகச் சொன்னவர் யூன் சாங்-வோன். போராளிகளின் செய்தித் தொடர்பாளராக இருந்து, பகலில் வெளிநாட்டு நிருபர்களிடம் பேசியவர். தோற்கப்போவது அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் அங்கே தங்கினார். எல்லாப் பிள்ளைகளும் வீட்டுக்குப் போய்விடவில்லை. விடியுமுன் பார்க் யோங்-சுன் என்ற மாணவியின் குரல் ஒலிபெருக்கியில் ஊரை எழுப்பியது: படை வருகிறது, எங்களை மறந்துவிடாதீர்கள் என்பது அதன் பொருள். மே 27 காலைக்குள் எல்லாம் முடிந்தது. யூன் சாங்-வோனும் இறந்தார். உறுதி செய்யப்பட்ட கணக்கிலேயே 160க்கும் மேற்பட்ட பொதுமக்கள் அந்த நாட்களில் கொல்லப்பட்டார்கள். காணாமல் போன பலர் இன்றுவரை கிடைக்கவில்லை.

இரண்டாவது நன்றி, உங்களோடு சேர்த்து, பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மாருக்கு. உடல்களைக் குப்பை வண்டிகளில் ஏற்றி மாங்வோல்-டோங் மயானத்துக்குக் கொண்டுபோனார்கள். அழுவதற்குக்கூட அனுமதி கேட்க வேண்டிய காலம். எல்லாம் வடகொரிய ஒற்றர்களின் வேலை என்று அரசு சொன்னது. அந்தத் தாய்மார் காவலர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டு ஆண்டுதோறும் கல்லறைக்குப் போனார்கள். ஆட்சியைப் பிடித்திருந்த சுன் டூ-ஹுவான் 1982இல் பக்கத்து ஊரில் தங்கியதைக் கொண்டாடி வைத்த நினைவுக்கல்லை உடைத்துக் கொண்டுவந்து, மாங்வோல்-டோங் பழைய மயானத்தின் வழியில் பதித்திருக்கிறார்கள். அஞ்சலி செலுத்த வருகிறவர்கள் அதை மிதித்துவிட்டுத்தான் போகிறார்கள்.

அந்தப் பிடிவாதம் வீண்போகவில்லை. 1987 ஜூனில் நாடே தெருவுக்கு வந்து, குடியரசுத் தலைவரை நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பெற்றது. 1996இல் சுன் டூ-ஹுவானுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் அது ஆயுள் தண்டனையாயிற்று. 1997 கடைசியில் மன்னிப்புக் கொடுத்து விட்டுவிட்டார்கள்; அவர் 2021இல் சாகும்வரை உங்களிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் மே 18 அரசின் நினைவு நாளாயிற்று. 2011இல் உங்கள் ஆவணங்களை யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. படையினர் பெண்களுக்குச் செய்த பாலியல் வன்கொடுமைகளுக்காக 2018இல் பாதுகாப்பு அமைச்சர் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டார். அதற்கு முப்பத்தெட்டு ஆண்டுகள் ஆயின.

2024இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்ற ஹான் காங் உங்கள் ஊரில் பிறந்தவர். அவர் 2014இல் எழுதிய நாவலின் சிறுவனுக்கு முன்மாதிரி, மே 27 விடியலில் மாகாண அலுவலகத்தில் கொல்லப்பட்ட பள்ளி மாணவன் மூன் ஜே-ஹாக். ஹான் காங் ஸ்டாக்ஹோமில் பரிசை வாங்குவதற்குச் சில நாட்கள் முன்பு, டிசம்பர் 3 இரவில், குடியரசுத் தலைவர் யூன் சுக்-யோல் திடீரென்று இராணுவச் சட்டத்தை அறிவித்தார். அந்த இரவில் சியோல் மக்கள் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருந்துவிடவில்லை. நாடாளுமன்றத்துக்கு ஓடினார்கள், இராணுவ வண்டிகளின் முன்னால் நின்றார்கள். உள்ளே வந்து சேர்ந்த 190 உறுப்பினர்களும் இராணுவச் சட்டத்தை நீக்கச் சொல்லி வாக்களித்தார்கள். அறிவிப்புக்கும் வாக்கெடுப்புக்கும் இடையே மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை. 2025 ஏப்ரல் 4 அன்று யூன் சுக்-யோலைப் பதவிநீக்கிய அரசியல் சாசன நீதிமன்றம், மக்கள் எதிர்த்து நின்றதையும் படையினர் கட்டளையை முழுமனதோடு நிறைவேற்றாததையும் தன் தீர்ப்பில் குறிப்பிட்டது. அந்த இரவில் இளைஞர்கள் பலரின் நாவில் இருந்த ஊர்ப்பெயர் உங்களுடையது. இராணுவச் சட்டம் என்றால் என்னவென்று அவர்களுக்கு நீங்கள் சொல்லி வைத்திருந்தீர்கள்.

தமிழில் எழுதும் ஒருவருக்கு உங்களிடம் என்ன உறவு என்று கேட்பீர்கள். எங்களுக்கும் மே 18 துக்க நாள். 2009இல் இலங்கையின் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்த நாள் அது. குண்டுகளுக்கு நடுவே கஞ்சி வாங்க வரிசையில் நின்ற மக்களின் நினைவாக, ஈழத்துத் தாய்மார் ஆண்டுதோறும் மே மாதத்தில் தேங்காய்ச் சிரட்டையில் உப்புக் கஞ்சி கொடுக்கிறார்கள். உங்கள் ஊரில் அதே நாட்களில் சோற்றுருண்டை கொடுக்கிறார்கள். இரண்டு துயரங்களும் ஒன்றல்ல. ஒன்றை வைத்து மற்றொன்றை அளக்கவும் மாட்டேன். ஆனால் உங்கள் உருண்டைக்கு இன்று அரசே தலைவணங்குகிறது. எங்கள் கஞ்சிக்காக 2024 மே மாதத்திலும் திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரில் பெண்கள் உட்பட நால்வரைக் கைது செய்தார்கள். கஞ்சி கொடுத்ததற்காகச் சிறை போகிறவர்களுக்கு, பதினேழு ஆண்டுகள் கழித்து ஒரு நினைவு நாள் வென்றெடுத்த தாய்மார் இருக்கிறார்கள் என்பது பெரிய தைரியம். மூன்றாவது நன்றி அதற்கு.

இன்னும் முடியாத வேலை இருக்கிறது என்பதும் தெரியும். சுடச்சொல்லி உத்தரவிட்டது யார் என்பதை ஆவணத்தோடு நிறுவ, நான்கு ஆண்டுகள் விசாரித்த ஆணையத்தாலும் முடியவில்லை. வடகொரிய ஒற்றர் கதையை இன்னும் பரப்புகிறவர்கள் உங்கள் நாட்டில் இருக்கிறார்கள்.

படிப்புக்கும் வேலைக்கும் கொரியா போகிற தமிழ்ப் பிள்ளைகளிடம் ஒன்று கேட்கிறேன். சியோலிலிருந்து குவாங்ஜுவுக்கு அதிவேக ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம்தான். பழைய மயானத்துக்குப் போங்கள். குண்டுத் துளைகளை அப்படியே வைத்திருக்கும் ஜோனில் கட்டடத்தைப் பாருங்கள். பிறகு யாங்டோங் சந்தைக்குப் போய், அந்த அம்மாக்களில் எவரையாவது கண்டால் இந்த நன்றியைச் சொல்லுங்கள். அவர்களில் பலருக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. அடுத்த வருடம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.