அவர் பூட்டியதை நான் கழற்றினேன்

எங்கள் வீட்டு வேப்பமரத்துக்குப் பக்கத்தில் உள்ள கொட்டிலில் ஒரு மொறிஸ் மைனர் கார் நிற்கிறது. 1961ஆம் ஆண்டுக் கார். என் கணவர் அதை வாடகைக்கு ஓடித்தான் எங்கள் குடும்பத்தைப் பார்த்தார். இன்று அதை ஓட்டுவதும் திருத்துவதும் நான்தான். "பொம்பிளைப் பிள்ளை எப்பிடி எஞ்சின் கழட்டப் பழகினனி?" என்று கேட்காதவர்கள் எங்கள் ஊரில் குறைவு. அந்தக் கதையை என்னைப் போன்ற சகோதரிகளுக்காக எழுதுகிறேன்.

1990இல் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை வந்ததும் பெற்றோல் காண்பதற்கரிய பொருளாயிற்று. அப்போது எங்கள் ஆட்கள் பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். ஒரு சின்ன மருந்துப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்திருப்பார்கள். அதில் சில துளிகளைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் பண்ணி, இயந்திரம் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புகை மண்டும். எஞ்சின் 'டக் டக்' என்று இடிக்கும். ஆனாலும் ஓடும். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமமே எழுந்து நடந்தபோது, மாமியையும் என் கைக்குழந்தையையும் இன்னும் இரண்டு கிழவிகளையும் ஏற்றிக்கொண்டு அந்தக் கார்தான் நாவற்குழிப் பாலத்தைக் கடந்தது. நானும் மூத்த மகளும் பின்னால் நடந்துபோனோம். சனக்கூட்டத்தில் காரும் எங்களுடைய நடை வேகத்தில்தான் போனது.

1996இல் ஊருக்குத் திரும்பினோம். அந்த வருடம் ஆவணி மாதம் ஒருநாள் காலை சைக்கிளில் வெளியே போன என் கணவர் திரும்பி வரவில்லை. போகாத இடமில்லை, கொடுக்காத மனு இல்லை. இதை வாசிக்கும் உங்களில் பலருக்கு நான் அதற்குமேல் சொல்லத் தேவையில்லை.

கார் கொட்டிலில் நின்றது. மாமி கிழமைக்கு ஒருதடவை அதைத் துடைப்பா. வேறு யாரையும் தொட விடமாட்டா.

2002 சித்திரையில் ஏ9 பாதை திறந்தது. கொழும்பிலிருந்து சாமான்கள் வரத் தொடங்கின. பெற்றோலும் தாராளமாகக் கிடைத்தது. மூத்தவளுக்கு அடுத்த வருடம் உயர்தரப் பரீட்சை. ரியூசன் காசுக்கே நான் தையல் மெசினில் இரவு பகலாக மிதித்துக் கொண்டிருந்தேன். காரை விற்கலாம் என்றால் மாமி சாப்பிடாமல் படுத்துவிடுவா. திருத்தி ஓடலாம் என்றால் கராச்சில் அறுபதினாயிரம் கேட்டார்கள். என்னிடம் இருந்தது மாதர் சங்கத்தின் சுழற்சிக் கடனாகக் கிடைத்த இருபத்தையாயிரம் மட்டும்தான்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு வயோதிப மெக்கானிக் ஐயா இருந்தார். என் கணவருக்குத் தொழில் பழக்கியவர். பாரிசவாதத்தால் அவருக்கு வலதுகை நடுங்கும். அவரிடம் போய்க் கேட்டேன்.

"என்ர கை இனி ஸ்பாணர் பிடிக்காது பிள்ளை. ஆனா வாய் இருக்கு. நீ கையைத் தருவியெண்டால் நான் வாயைத் தாறன்" என்றார்.

மாமிக்குச் சொன்னபோது அவ கதவு நிலையில் பிடித்தபடி நின்றா. "அவன் பூட்டினதை நீ கழட்டப் போறியோ? அவன் வந்து கழட்டட்டும். தொடாதை பிள்ளை" என்றா. அவ சொன்னதன் அர்த்தம் எனக்கு விளங்கியது. அந்த எஞ்சினில் கடைசியாகக் கை வைத்தவர் அவர். அதைத் திறந்தால், அவர் வரமாட்டார் என்று நாங்களே சொன்னதாகிவிடும். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. மகளின் ரியூசன் அட்டையில் மூன்று மாதம் காசு கட்டாமல் கிடந்தது. ஒரு கிழமை பொறுத்து ஐயாவைக் கதிரையோடு கூட்டிவந்து கொட்டிலில் இருத்தினேன். மாமி அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை.

முதலில் பொனற்றையும் றேடியேற்றரையும் கழற்றினோம். பக்கத்து வீட்டுப் பொடியன்கள் நாலு பேர் வந்து, கொட்டில் வளையில் சங்கிலி கட்டி எஞ்சினைத் தூக்கி, நிலத்தில் விரித்த சாக்கில் இறக்கினார்கள். அதற்குப் பிறகு எல்லாம் நானும் மூத்தவளும்தான். ஐயாவின் முதல் பாடம், "கழட்டுறது வேலையில்லை, கழட்டினதை அடுக்கி வைக்கிறதுதான் வேலை." எட்டுப் புஷ் றொட்டையும் ஒரு மட்டையில் எட்டு ஓட்டை போட்டு வரிசைப்படி குத்தினோம். ஆணிகளைப் பால்மாப் பேணிகளிலும் சின்னச் சாமான்களைச் சுளகிலும் வைத்தோம். மகள் ஒவ்வொன்றையும் கொப்பியில் படம் கீறி எழுதினாள்.

ஹெட்டைத் தூக்கியபோது ஐயா கதிரையிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தார். உள்ளே இரண்டு தகடு இருந்தது. ஒன்று கடையில் வாங்கும் வழமையான கஸ்கற். மற்றது செப்புத் தகட்டில் என் கணவர் தானே வெட்டியது. ஓட்டைகளின் ஓரங்களை அரத்தால் அராவி, மூலையில் தன் பெயரின் முதலெழுத்தையும் ஆணியால் கீறியிருந்தார்.

ஐயா விளக்கினார். மண்ணெண்ணெய் அழுத்தம் தாங்காது. பிஸ்ரன் முழுதாக மேலே வருவதற்கு முன்னமே தன்பாட்டில் பற்றிவிடும். அந்த இடிதான் நாங்கள் கேட்ட 'டக் டக்'. ஹெட்டைக் கொஞ்சம் உயர்த்தினால் உள்ளே இடம் கூடும், அழுத்தம் குறையும், இடியும் குறையும். அதற்காகத்தான் இரண்டாவது தகடு.

ஆனால் தகடு இடியைத்தான் குறைத்தது. மண்ணெண்ணெய் செய்த மற்றச் சேதம் உள்ளே இருந்தது. முழுதாக எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவரில் உள்ள எண்ணெயைக் கழுவிவிடும். பிறகு கீழே வடிந்து எஞ்சின் ஒயிலோடு கலந்து அதைத் தண்ணியாக்கும். எண்ணெய்ப் படலம் இல்லாமல் இரும்பும் இரும்பும் தேயும். மூன்றாவது பிஸ்ரனில் ஒரு றிங் உடைந்து கிடந்தது. ஐயா ஒரு பழைய றிங்கைச் சிலிண்டரின் அடியில் வைத்து அதன் வாய் இடைவெளியைப் பார்க்கச் சொன்னார். பிறகு அதையே மேலே வைத்துப் பார்க்கச் சொன்னார். மேலே இடைவெளி மிகவும் அதிகம். றிங் ஓடும் மேற்பகுதியில்தான் தேய்வு கூட. அளவுகருவி இல்லாமலேயே சிலிண்டர் தேய்ந்திருப்பதைக் கண்டுகொண்டோம்.

சிலிண்டர்க் கட்டையைத் தட்டிவண்டிலில் ஏற்றி லேத் கடைக்குக் கொண்டுபோனேன். நாலு சிலிண்டரையும் கடைந்து ஓவர்சைஸ் பிஸ்ரன் போட வேண்டும் என்றார்கள். பிஸ்ரன், றிங், பெயரிங், கஸ்கற் எல்லாம் ஸ்ரான்லி வீதிக் கடையொன்று கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து எடுப்பித்துத் தந்தது. இருபத்தையாயிரத்தில் மிஞ்சியது மூவாயிரம்.

வால்வு அரைக்கும் வேலை எனக்கு நன்றாகப் பிடித்தது. வால்வின் விளிம்பில் அரைக்கும் பசையைப் பூசி, உறிஞ்சிப் பிடிக்கும் தடியை அதில் ஒட்டி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்ட வேண்டும். மோர் கடைகிற கைக்கு அது புதிதில்லை. விளிம்பு முழுவதும் ஒரே சாம்பல் நிற வளையம் தெரிந்தால் சரி. பிறகு மண்ணெண்ணெய் ஊற்றிக் கசிகிறதா என்று பார்த்தோம். எஞ்சினைக் கெடுத்த மண்ணெண்ணெயே அதைப் பரிசோதிக்கவும் உதவியது.

பிஸ்ரனை இறக்கும்போது றிங்குகளை அமுக்கிப் பிடிக்கப் பால்மாப் பேணித் தகட்டை வெட்டி வளைத்தோம். பெரிய பெயரிங் மூடிகளை மாறிப் பூட்டாமல் இருக்க, கழற்றும்போதே புள்ளி குத்தி வைத்திருந்தோம். பூட்டும் ஒவ்வொன்றுக்கும் ஒயில் தடவினோம். துடைப்பதற்கு மாமியின் பழைய வொயில் சீலையைக் கேட்டேன், அதில் நூல் உதிராது. மாமி ஒன்றும் பேசாமல் கொண்டுவந்து தந்தா.

இனி ஹெட் பூட்ட வேண்டும். ஒரு தகடா, இரண்டு தகடா?

பெற்றோலில் ஓடுவதென்றால் ஒன்றுதான் வேண்டும். இரண்டு போட்டால் இழுவை குறையும், பெற்றோலும் கூடக் குடிக்கும். ஐயா ஒன்றும் சொல்லவில்லை. அவர் கீறிய எழுத்துள்ள செப்புத் தகடு என் மடியில் கிடந்தது. அதை வெளியே வைத்துவிட்டுப் பூட்ட எனக்குக் கை வரவில்லை. அன்று வேலையை நிறுத்திவிட்டேன்.

இரவு அடுப்படியில் மாமியிடம் தகட்டைக் காட்டினேன். குப்பி விளக்கு வெளிச்சத்தில் அந்த எழுத்தை விரலால் தடவிப் பார்த்தா. "உது ஏன் போட்டவன்?" என்று கேட்டா. சொன்னேன். "அப்ப இப்ப தேவையில்லையோ?" "இல்லை மாமி." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தா. "அவன் வந்தாலும் கழட்டித்தானே போடுவான்" என்று சொல்லி, தகட்டைக் கழுவித் துடைத்துத் தன் றங்குப் பெட்டிக்குள் வைத்தா.

அடுத்தநாள் ஒரு தகட்டோடு பூட்டினேன். ஒன்பது நட்டையும் நடுவிலிருந்து வெளியே போகும் ஒழுங்கில், கொஞ்சம் கொஞ்சமாக, இரவல் வாங்கிய இறுக்கமானியில் 40 இறாத்தல்-அடி வரை இறுக்கினேன். வால்வு இடைவெளிக்கு ஐயா ஒரு சுருக்கக் கணக்குச் சொன்னார். எட்டாவது வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது முதலாவதைப் பார்க்க வேண்டும். ஆறாவது திறந்தால் மூன்றாவது. நாலாவது திறந்தால் ஐந்தாவது. கூட்டினால் எப்போதும் ஒன்பது வரும். மகள் கைபிடி போட்டு எஞ்சினைச் சுற்றினாள். நான் ஒவ்வொன்றாக, ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் பன்னிரண்டு பங்கு அளவுக்குச் சரிசெய்தேன்.

2003 புரட்டாதி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. பிளக்குகளைக் கழற்றி வைத்துவிட்டு, ஒயில் மேலே ஏறும்வரை கைபிடியால் சுற்றினோம். பிறகு பிளக் பூட்டித் திறப்பைப் போட்டேன். முதலில் இருமியது. ஐயா டிஸ்ரிபியூட்டரை ஒரு நூல் திருப்பச் சொன்னார். அடுத்த தடவை பிடித்துக்கொண்டது. இடியில்லை, கரும்புகையில்லை. தையல் மெசின் போல ஓடியது.

மாமி விறாந்தையிலிருந்து இறங்கி வந்தா. "இது அவன்ர கார்ச் சத்தம் இல்லை" என்றா. அவவின் கண் நிறைந்திருந்தது. எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஐயாதான் சொன்னார்: "இதுதான் அக்கா இந்தக் காரின்ர சத்தம். அது மண்ணெண்ணெயின்ர சத்தம்."

முதல் 500 மைலும் மெதுவாக ஓடினேன். பிறகு காலையில் பள்ளிப் பிள்ளைகள் நாலு பேர், பகலில் கிளினிக்குக்குப் போகும் பெண்கள் என்று வாடகை கிடைத்தது. ஒன்றரை வருடத்தில் கடனைக் கட்டி முடித்தேன். மூத்தவள் பரீட்சையும் சித்தியடைந்தாள்.

2006 ஆவணியில் ஏ9 மறுபடி பூட்டுப்பட்டது. பெற்றோலுக்குத் திரும்பவும் தட்டுப்பாடு. கார் இரண்டு மாதம் கொட்டிலில் நின்றது. ஒருநாள் மாமி றங்குப் பெட்டியைத் திறந்து, செப்புத் தகட்டைக் கொண்டுவந்து என் கையில் தந்தா. "உனக்குத்தான் தெரியுமே, போடு" என்றா.

பாவித்த செம்பு இறுகிப் போயிருக்கும். அதைத் தணலில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மறுபடி மென்மையாகும். இரும்பைப் போல இறுகாது. ஐயா அப்போது உயிரோடு இல்லை. ஆனால் அவர் சொன்னது மகளின் கொப்பியில் இருந்தது. அடுப்படியில் ஊமல்கரித் தணலில் நானே காய்ச்சினேன். ஹெட்டை நானே கழற்றி, நானே பூட்டினேன். அந்த 'டக் டக்' சத்தம் திரும்ப எங்கள் ஒழுங்கையில் கேட்டது. பிரசவ வலியோடு இரண்டு பெண்களை அந்தச் சத்தத்தோடுதான் ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனேன். கெடும் என்று தெரிந்ததால் ஒயிலை அடிக்கடி மாற்றினேன். அதனால் இந்தமுறை சிலிண்டர் தப்பியது.

மாமி 2014இல் காலமானா. கடைசிவரை மகனைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தா. நானும் அப்படித்தான்.

சில வருடங்களுக்குமுன் லண்டனிலிருந்து வந்த என் அக்காவின் மகன், தான் வீட்டுக் கராச்சில் எஞ்சினை முழுதாகக் கழற்றிப் பூட்டிய பழைய எம்.ஜி. மெற்றோ ரேபோ காரின் படங்களைக் காட்டினான். 1980களின் வேகக் கார். வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு சில்லு சுற்றி, சிலிண்டருக்குள் காற்றை அமுக்கித் தள்ளுமாம். படத்தில் எஞ்சினைப் பார்த்ததும் எனக்கு முகம் தெரிந்தது. எங்கள் மொறிஸின் எஞ்சின் வம்சம்தான் அதுவும். "அதிலயும் அழுத்தத்தைக் குறைச்சுத்தான் வைக்க வேணும் சித்தி, இல்லாட்டி இடிக்கும்" என்றான். நான் உள்ளே போய்ச் செப்புத் தகட்டை எடுத்துவந்து அவன் கையில் வைத்தேன். அந்த எழுத்தைப் பார்த்துவிட்டு அவன் வெகுநேரம் பேசவில்லை.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் ஏதோ ஒன்று மூடிக் கிடக்கலாம். தண்ணீர் இறைக்கும் மெசினாக, தறியாக, கடையாக இருக்கலாம். அதைத் திறப்பது அவர்களை மறப்பதாகாது. தெரிந்த ஒருவரை அருகில் இருத்துங்கள். கழற்றுவதை வரிசையாக அடுக்குங்கள், பிள்ளையைக் கொண்டு எழுதி வையுங்கள். எனக்குக் கைகொடுத்தது அந்தக் கொப்பிதான். ஒயில் கறையோடு இன்றும் காரின் ஆசனத்துக்கு அடியில் இருக்கிறது.