ஒரே கண்மாய், ஒரே ஆணம்

திருச்சியிலிருந்து மதுரை செல்லும் பெருஞ்சாலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் கடந்ததும் ஒரு பாறைக் குன்று எழுந்து நிற்கும். உச்சியில் முருகன் கோயில். பாறை இடுக்குகளிலும் புதர்களிலும் மயில்கள். அதுவே புதுக்கோட்டை மாவட்டத்து விராலிமலை. விராலி என்னும் செடி மண்டிக் கிடந்தமையால் இப்பெயர் அமைந்தது என்பர். கோயிலுக்கு வருவோர், மயில் காண வருவோர், அருகிலுள்ள கொடும்பாளூரில் இருக்குவேளிர் எழுப்பிய மூவர் கோயிலின் சிற்பங்களைக் காண வருவோர் எனப் பலரும் இங்கே வந்து போகின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் சாலையோரக் கடையில் இரண்டு பரோட்டாவைத் தின்றுவிட்டு அடுத்த பேருந்தில் ஏறிவிடுகின்றனர். அந்தப் பரோட்டா திருச்சியிலும் கிடைக்கும், மதுரையிலும் கிடைக்கும். இந்த மண்ணும் நீரும் சேர்ந்து ஆக்கித் தரும் உணவு எது என்று கேட்போர் சிலரே.

அதனை அறிய விரும்புவோர் கோடையில் வரவேண்டும். வந்து, சுற்றுப்புறக் கிராமங்களின் கண்மாய்க் கரையில் நிற்கவேண்டும்.

வானம் பார்த்த பூமி

விராலிமலை வட்டாரம் காவிரிப் பாசனம் எட்டாத மேட்டு நிலம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெய்யும் வடகிழக்குப் பருவமழையே இதன் உயிர்நாடி. அந்த மழைநீரைக் கரை கட்டித் தேக்கி, மடை திறந்து வயலுக்குப் பாய்ச்ச முன்னோர் அமைத்தவையே கண்மாய்கள். புதுக்கோட்டைச் சீமை முழுவதும் இவை ஆயிரக்கணக்கில் பரவிக் கிடக்கின்றன. நீர் எட்டிய இடத்தில் நெல். எட்டாத மேட்டில் கேழ்வரகு, கம்பு, வரகு, நிலக்கடலை, கொள்ளு. இவ்வூர் அடுக்களையின் இலக்கணம் இவ்வளவே.

தை, மாசியில் அறுவடை முடிந்துவிடும். வெயில் ஏற ஏறக் கண்மாய் சுருங்கும். மழைக்காலத்தில் பெருகிய மீன்களெல்லாம் எஞ்சிய நீரில் ஒடுங்கி நிற்கும். கெண்டை, கெளுத்தி, குரவை, விரால் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. விராலும் குரவையும் நீர்மட்டத்துக்கு மேலே தலைநீட்டிக் காற்றையே சுவாசிக்க வல்லவை. ஆதலால் மற்ற மீன்கள் மடியும் கலங்கல் சேற்றிலும் அவை உயிர் பிழைத்திருக்கும். மலைக்குப் பெயர் தந்த விராலி வேறு, சட்டிக்குச் சுவை தரும் விரால் வேறு எனினும், இரண்டும் இம்மண்ணுக்கே உரியவைபோல் அமைந்துவிட்டன!

வெள்ளைத் துண்டு அசைந்ததும்

கண்மாய் வற்றும் இப்பருவத்தில் ஊர்ப் பெரியவர்கள் கூடி ஒரு நாளைக் குறிப்பார்கள். அதுவே மீன்பிடித் திருவிழா. செய்தி ஊர் ஊராகப் பரவும். விடியுமுன்பே மிதிவண்டியிலும் சரக்கு வண்டியிலும் மக்கள் வந்து கரையில் குவிவார்கள். பெரியவர் ஒருவர் கரைமேல் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். அடுத்த நொடியில் கண்மாய் முழுவதும் மனிதத் தலைகளாகிவிடும்.

மூங்கில் பிளாச்சுகளால் பின்னிய, அடியும் முடியும் திறந்த கூடையே ‘ஊத்தா’. அதைச் சேற்றில் அழுத்திக் கவிழ்த்து, மேல்வாய் வழியே கையை விட்டு உள்ளே துள்ளும் மீனைப் பற்றுவார்கள். ஊத்தா இல்லாதவர் கச்சா கொண்டு வருவார். அதுவும் இல்லாதவர் பழஞ்சேலையை இருவராகப் பிடித்து இழுப்பார். உள்ளூரார், வெளியூரார் என்றும், இன்ன சாதி, இன்ன மதம் என்றும் அங்கே யாரும் கேட்பதில்லை. பல ஊர்களில் அன்று பிடித்த மீனை விற்பதில்லை. வீட்டுக்கே கொண்டுசென்று ஆக்குவார்கள். மீன் பிடித்துக் கண்மாயைக் கலக்கினால் வரும் ஆண்டு மழை பொழிந்து வெள்ளாமை செழிக்கும் என்பது கிராமத்தாரின் நம்பிக்கை. மழையைத் தருபவன் அல்லாஹ் ஒருவனே என்று நம்பும் நாம் அந்நம்பிக்கையை ஏற்பதில்லை. ஆயினும், பொது நீரில் விளைந்ததைப் பொதுவில் பகிர வேண்டும் என்ற அவர்களின் நெறியை எவ்வாறு மெச்சாதிருக்க முடியும்?

நீர், புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் மக்கள் கூட்டாளிகள் என்ற கருத்தை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். அந்த அறிவுரையை ஒரு கிராமம் வாழ்ந்து காட்டும் காட்சியை இக்கண்மாய்களில் காணலாம்.

மண்சட்டியில் கொதிக்கும் கலை

அன்று பிற்பகல் எந்தத் தெருவில் நடந்தாலும் ஒரே மணம். விரால், கெளுத்தி போன்ற வழுக்கும் மீன்களை அடுப்புச் சாம்பலோ கல்லுப்போ இட்டுக் கல்லில் உரசிக் கழுவுகிறார்கள். மல்லி, மிளகாய், சீரகம் அம்மியில் மசிகின்றன. மண்சட்டியில் கடலெண்ணெய் காய்ந்ததும் வெந்தயம், சின்ன வெங்காயம், பூண்டு, கறிவேப்பிலை. பிறகு புளிக்கரைசல். அது கொதித்து, பச்சை வாடை நீங்கி, எண்ணெய் மேலே மிதக்கும்போதே மீன் துண்டுகள் இறங்கும். இருப்பின், ஒன்றிரண்டு மாங்காய்க் கீற்றும் சேரும். அதன்பின் அகப்பை உள்ளே போகக்கூடாது; துணியால் சட்டியைப் பிடித்து மெல்லச் சுற்றிவிட வேண்டும். இல்லையேல் மீன் உடைந்துவிடும்.

இதனை அவர்கள் ‘குழம்பு’ என்கிறார்கள். நம் இல்லங்களில் ‘ஆணம்’ என்கிறோம். சிலர் தேங்காய்ப்பால் சேர்ப்பார்கள், சிலர் சேர்க்கமாட்டார்கள். சட்டியும் புளியும் மீனும் ஒன்றே. சூடான சோற்றுக்கும் கேழ்வரகுக் களிக்கும் இது ஒருங்கே பொருந்தும். மறுநாள் காலையில் பழஞ்சோற்றுடன் இதன் சுவை இன்னும் ஒரு படி கூடும்.

நாங்கள் சென்றிருந்த ஒரு கிராமத்தில் முதியவர் ஒருவர் எங்களைத் தம் வீட்டுத் திண்ணையில் அமர்த்தினார். எங்களுடன் வந்த இளைஞர் சற்றுத் தயங்குவதைக் கண்ட வீட்டுக்கார மூதாட்டி, “யோசிக்காம சாப்பிடுங்க பாய். ஆட்டுக்கறின்னா நானே உங்களுக்கு வைக்கமாட்டேன். இது கண்மாய் மீனு. இதுல உங்க வீடு எங்க வீடு என்ன இருக்கு?” என்றார். “சரிங்க ஆத்தா” என்று பிஸ்மில்லாஹ் சொல்லி இளைஞர் கையை வைத்தார். நம் மார்க்கத்தின் வரம்பை நம்மினும் தெளிவாக அறிந்து, அதனை மதித்து விருந்து படைத்த அப்பெண்மணியின் பண்பு எங்களை நெகிழச் செய்தது.

பயணியும் ஹலாலும்

பயணம் செய்யும் முஸ்லிமுக்கு உணவு ஒரு சோதனைதான். ஆனால் ஹலால் என்பது சுவர் அன்று. அதற்கு வாசல்கள் உண்டு. மீனுக்கு அறுப்பு தேவையில்லை என்பதில் ஹனபி, ஷாபி ஆகிய இரு மத்ஹபினரும் ஒன்றுபடுகின்றனர். தானாகச் செத்து மிதப்பதை மட்டும் ஹனபி மத்ஹபினர் விலக்குவர். ஆகவே உயிரோடு பிடித்து உடனே ஆக்கிய இந்த ஆணத்தில் ஐயத்துக்கு இடமே இல்லை.

எந்நாட்டிலும் இத்தகைய ஒரு வாசல் திறந்தே இருக்கும். இமயமலை மடியில் உள்ள பௌத்த நாடான பூட்டானில் பன்றி இறைச்சி மிகுதியாகப் புழங்குகிறது. ஆயினும், அந்நாட்டவர் பெரிதும் விரும்பும் ‘எமா தாட்சி’ என்பது மிளகாயையே காய்கறியாகக் கொண்டு பாலாடைக்கட்டியுடன் வேகவைப்பது. அதனையும் செவ்வரிசிச் சோற்றையும், கொழுப்பு ஏதும் கலக்கவில்லை என்று கேட்டறிந்தபின் முஸ்லிம் பயணியும் உண்ணலாம். கேட்பது இழிவன்று, முகம் சுளிப்பதே இழிவு.

அண்ணலார் (ஸல்) முன்னிலையில் ஒருமுறை சுட்ட உடும்பு வைக்கப்பட்டது. அவர்கள் கையை விலக்கிக் கொண்டார்கள். அது ஹராமா என்று காலித் பின் வலீத் (ரலி) வினவியபோது, இல்லை என்றும், தம் சமூகத்தார் வாழும் நிலத்தில் அது இல்லாமையால் மனம் ஒப்பவில்லை என்றும் விளக்கினார்கள். காலித் (ரலி) அதனை எடுத்து உண்டார்கள். அண்ணலார் பார்த்துக் கொண்டிருந்தார்கள். எந்த உணவையும் அவர்கள் குறை கூறியதே இல்லை. விரும்பினால் உண்பார்கள், இல்லையேல் விட்டுவிடுவார்கள். பிறர் வீட்டு அடுக்களையின்முன் நிற்கும் பயணிக்கு இதைவிடச் சிறந்த ஒழுக்கம் வேறென்ன வேண்டும்?

சட்டி நிறையக் கண்மாய் நிறைய வேண்டும்

ஆனால், இந்த விருந்து எத்தனை நாளைக்கு? பல கண்மாய்கள் தூர்ந்து மேடாகிவிட்டன. நீர் வரும் ஓடைகளைச் சீமைக்கருவேல் அடைத்துள்ளது. சில இடங்களில் மீன்பிடி உரிமை குத்தகைக்குப் போய்விடுவதால் பொதுத் திருவிழாவுக்கு இடமில்லாமல் போகிறது. தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தி நீர்நிலைகளில் புகுந்து நாட்டு மீன்களை விழுங்குகிறது. கண்மாய் போனால் விராலும் போகும். விரால் போனால் அந்த ஆத்தாளின் அழைப்பும் போகும். பிறகு எஞ்சப் போவது சாலையோரப் பரோட்டா மட்டுமே.

கண்மாயை ஊரே கூடிப் பராமரிக்கும் குடிமராமத்து நம் நாட்டின் பழைய வழக்கம். அப்பெயரிலேயே தமிழக அரசு 2017-இல் ஒரு திட்டத்தையும் தொடங்கியது. அரசு செய்யட்டும் என்று நாம் வாளாவிருத்தல் தகுமா? தம் அன்னைக்காக எந்தத் தர்மம் சிறந்தது என்று வினவிய சஅத் பின் உபாதா (ரலி) அவர்களுக்குத் தண்ணீரையே அண்ணலார் சுட்டினார்கள். அவரும் ஒரு கிணறு தோண்டி வைத்தார். நம் மஹல்லா ஜமாஅத்துகள் ஆண்டுக்கு ஒரு நாளேனும் இளைஞர்களைத் திரட்டி, அண்டை ஊராருடன் தோளோடு தோள் நின்று ஒரு வரத்துக் காலைத் தூர்வாரினால், அதுவும் ஸதக்கத்துல் ஜாரியாவே.

இல்லத்தரசிகளுக்கும் இதில் பங்குண்டு. ஆணம் ஆக்கும்போது நீரைச் சற்றுக் கூட்டி வைத்து அண்டை வீட்டாருக்கும் அளியுங்கள் என்பது அபூதர் (ரலி) அவர்களுக்கு அண்ணலார் சொன்ன அறிவுரை. உங்கள் பாட்டி வைத்த ஆணத்தின் பக்குவத்தை மகளுக்கு மட்டுமன்றி மகனுக்கும் கற்றுக் கொடுங்கள். அடுத்தமுறை விராலிமலைப் பக்கம் போகும்போது பிள்ளைகளுக்கு மயிலைக் காட்டுங்கள்; கண்மாயையும் காட்டுங்கள். கரையில் எவரேனும் உண்ண அழைத்தால், பிஸ்மில்லாஹ் சொல்லி அமருங்கள்.

வல்ல அல்லாஹ் நம் கண்மாய்களை நிரப்புவானாக! அண்டை வீட்டாரோடு பகிர்ந்துண்ணும் நெஞ்சங்களையும் நமக்கு நல்குவானாக! ஆமீன்.