பழைய போட்டின் கியர் விகிதத்தை எண்ணிக் கண்டுபிடிப்பது எப்படி?

பழைய விசைப்படகு வாங்குறவங்க இன்ஜினைப் பார்ப்பாங்க, பலகையைத் தட்டிப் பார்ப்பாங்க. கியர்பாக்ஸ் மேல இருக்கிற தகட்டை யாரும் பார்க்கிறதில்லை. பார்த்தாலும் உப்புக்காத்துல எழுத்து அழிஞ்சு போயிருக்கும்.

அந்தத் தகட்டுலதான் கியர் விகிதம் இருக்கும்.
இன்ஜின் எத்தனை சுத்து சுத்தினா ப்ரொப்பல்லர் ஒரு சுத்து சுத்தும் என்ற கணக்கு அது.

எங்க மாமா போட்டுலயும் இதே கதை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான தடைக்காலத்துல கரையேத்தினா, ப்ரொப்பல்லர் தேய்ஞ்சு கிடக்கு. புதுசு வாங்கணும். வித்தவர் "ரெண்டுக்கு ஒண்ணு" என்றார். கையில இருந்த காசு ஒரே ஒரு ப்ரொப்பல்லருக்குத்தான்.

"மாப்ள, எண்ணிப் பார்த்துரலாமா?" என்றார் மாமா.

முதல்ல பேட்டரி வயரைக் கழட்டினோம்.
இது முக்கியம் மக்களே. சுத்துற ஷாஃப்ட்ல கைலியோ துண்டோ சிக்கினா அடுத்து கைதான். கேஷுவாலிட்டியில் அந்தக் கையைப் பார்த்தவன் சொல்றேன்.

இன்ஜெக்டர்களைக் கழட்டினா உள்ளே அழுத்தம் இருக்காது, இன்ஜின் லேசா சுத்தும். கியரை முன்பக்கம் போட்டு, இன்ஜின் புல்லியிலயும் ஷாஃப்ட்லயும் சாக்பீஸ் கோடு போட்டாச்சு. மாமா ஸ்பேனர் போட்டுச் சுத்தி இன்ஜின் சுத்தை எண்ண, நான் பின்னாடி ஷாஃப்டை எண்ணினேன்.

இதயத்துடிப்பு தாறுமாறா இருக்கிறவங்களுக்கு நாங்க இப்படித்தான் பார்ப்போம். ஒருத்தர் நெஞ்சில ஸ்டெத் வச்சு எண்ணுவார், இன்னொருத்தர் மணிக்கட்டுல. அதுவும் முழு ஒரு நிமிஷம்.

இங்கேயும் ஒரு சுத்தோட நிறுத்தக் கூடாது. கோட்டைப் பார்க்கிறதுல அரைக்கால் சுத்து பிசகினா விடை 2.83ஆ 3.08ஆன்னு தெரியாது. பத்து சுத்து எண்ணினா அந்தப் பிசகும் பத்தா பங்கு போயிடும்.

ஷாஃப்ட் 10 சுத்து. இன்ஜின் இருபத்தொன்பதரை.
விகிதம் 2.95.

"ரெண்டுக்கு ஒண்ணு" இல்லவே இல்லை!

இன்ஜின் 1800ல் ஓடினா ஷாஃப்ட் 900 சுத்தும்னு நினைச்சிருப்போம். நிஜத்துல 610தான். 20 அங்குல பிட்ச் தேவைப்படற இடத்துல பதிமூன்றரை அங்குலம் வாங்கியிருப்போம். இன்ஜின் கத்தும், வலையோட போட் நகராது. இதுவே தலைகீழா, தேவைக்கு மேல பெரிய ப்ரொப்பல்லர் போட்டா இன்ஜின் திணறிக் கரும்புகை கக்கும்.

ஒரு எச்சரிக்கை. எண்ணெய் அழுத்தத்துல கிளட்ச் பிடிக்கிற ஹைட்ராலிக் கியர்பாக்ஸ்ல இந்த வழி நடக்காது. இன்ஜின் நின்னா கிளட்ச்சும் விட்டுடும். அதுக்கு ஓடவிட்டு, தள்ளி நின்னு, லேசர் டேக்கோமீட்டர்ல இரண்டு பக்கமும் அளந்து வகுக்கணும்.

ரிவர்ஸ்ல இதே எண் வரணும்னு கட்டாயமில்லை. பல கியர்பாக்ஸ்ல அதுக்குத் தனி விகிதம் உண்டு. ப்ரொப்பல்லர் கடையில சொல்ல வேண்டியது முன்பக்க எண்ணை மட்டும்.